விடுமுறை நாட்களுக்குக் கிராஃப்ட் பீர் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆண்டிறுதி நெருங்கும்போது பீர் அலமாரியின் முகமே மாறிவிடும். அடர் பழுப்பும் கறுப்புமான பாட்டில்கள் முன்வரிசைக்கு வரும். லேபிள்களில் பனியும் மரமும் மணியும் இருக்கும். ஆல்கஹால் அளவு 9, 10, 11 சதவீதம் என்று ஏறியிருக்கும். பார்க்க ஆசையாக இருப்பதால் பலரும் அந்த ஒரே வரிசையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பாட்டில்களை அள்ளிக்கொண்டு போகிறார்கள். இரண்டாவது பாட்டிலிலேயே நாக்கு அலுத்துவிடுகிறது. மூன்றாவதில் எதைக் குடிக்கிறோம் என்பதே பிடிபடுவதில்லை. பாவம், அந்த மூன்றாவது பாட்டில்தான் எல்லாவற்றிலும் சிறந்ததாக இருந்திருக்கும்.

ஒவ்வொரு பாட்டிலையும் எப்போது திறப்போம், எதற்குப் பிறகு, யாரோடு என்று யோசித்துத்தான் வாங்க வேண்டும். அப்படி வாங்கினால் எட்டு பாட்டில்கள்கூட ஒரு வாரத்துக்குச் சலிக்காமல் வரும். அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன். சட்டப்படி குடிக்கும் வயதை எட்டியவர்களுக்கு மட்டுமே இது.

படி 1: ஆட்களையும் நாட்களையும் முதலில் கணக்கிடுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை நாள், எந்தெந்த நாளில் யார் வருகிறார்கள், அவர்களில் பீர் பழகியவர்கள் யார், கசப்பு என்றாலே முகம் சுளிப்பவர்கள் யார், குடிக்கவே குடிக்காதவர்கள் யார்? மாலை முழுக்க அரட்டை அடிக்கப்போகும் நாளுக்கும், இரவு உணவுக்குப் பின் இரண்டே பேர் அமைதியாக உட்காரப்போகும் நாளுக்கும் வேறு வேறு பீர் வேண்டும்.

அடுத்து ஆல்கஹால் கணக்கு. 330 மில்லி அளவுள்ள 4.5 சதவீத லாகரில் (குளிரில் மெதுவாக நொதிக்கும் பீர் வகை) சுமார் 15 மில்லி ஆல்கஹால் இருக்கிறது. அதே அளவுள்ள 11 சதவீத ஸ்டவுட்டில் (வறுத்த வாசனை கொண்ட கறுப்பு பீர்) 36 மில்லி. அதாவது ஒரு சின்ன ஸ்டவுட், ஏறக்குறைய இரண்டரை லாகருக்குச் சமம். ஆகவே வலுவான பீரை ஆளுக்கு ஒன்று என்று எண்ணாதீர்கள். மூன்று நான்கு பேருக்கு ஒரு பாட்டில் என்று எண்ணுங்கள். 750 மில்லி பாட்டில்களும் பகிர்ந்து குடிப்பதற்கு ஏற்றவை.

நான் பின்பற்றும் விகிதம் எளிமையானது. பாதி பாட்டில்கள் 5 சதவீதத்தை ஒட்டியவை, கால்வாசி 6 முதல் 8 வரை, மிச்சம் கால்வாசி அதற்கு மேல். விருந்தாளிகள் எல்லோரும் பீர் பைத்தியங்கள் என்றாலும் இந்த விகிதத்தை நான் பெரிதாக மாற்றுவதில்லை.

'கிராஃப்ட்' என்றால் எது என்பதைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. அமெரிக்காவின் ப்ரூவர்ஸ் அசோசியேஷன் ஆண்டுக்கு 60 லட்சம் பேரலுக்கு மிகாமல் காய்ச்சுகிற, வெளியார் மதுபான நிறுவனத்திடம் கால் பங்குக்கும் குறைவாகவே உள்ள ப்ரூவரியை, அதாவது பீர் காய்ச்சும் ஆலையைத்தான் அப்படி வகைப்படுத்துகிறது. மற்ற இடங்களில் அளவுகோல் வேறு. வாங்குபவருக்கு இதைவிட முக்கியமானது, யார் காய்ச்சினார்கள், எப்போது காய்ச்சினார்கள் என்பதைப் பாட்டில் சொல்கிறதா என்பதுதான்.

படி 2: முதுகெலும்பாக ஒரு நல்ல லாகர்

கிராஃப்ட் பீர் வாங்கப் போகிறவர்கள் லாகரைக் கடந்து போய்விடுகிறார்கள். அது எங்கும் கிடைப்பதுதானே என்ற நினைப்பு. ஆனால் நன்றாகக் காய்ச்சிய பில்ஸ்னர் என்ற வெளிர் லாகரைப் போல மறுபடி மறுபடி கை நீளும் பீர் வேறில்லை. 1842இல் பவேரியாவைச் சேர்ந்த யோசஃப் க்ரோல், போஹீமியாவின் பில்சன் நகரில் முதல் பில்ஸ்னரைக் காய்ச்சினார். அந்த ஊரின் தாதுக்கள் குறைந்த மென்மையான தண்ணீரும், சாட்ஸ் என்ற வாசனை ஹாப்ஸும் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ), வெளிர் நிற மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சேர்ந்து உலகத்தின் பீர் நிறத்தையே மாற்றிவிட்டன.

லாகர் ஈஸ்ட் குளிரில் மெதுவாக வேலை செய்யும். நொதித்த பிறகும் பல வாரங்கள் உறைநிலையை ஒட்டிய குளிரில் அது ஓய்வெடுக்க வேண்டும். பழ வாசனையோ மசாலா வாசனையோ குறைகளை மறைக்காது. சின்னப் பிசகும் நாக்குக்குத் தெரிந்துவிடும். அதனால் ஒரு ப்ரூவரியின் தரத்தை அறிய வேண்டுமானால் அவர்களுடைய லாகரைத்தான் முதலில் குடித்துப் பார்க்க வேண்டும் என்பேன்.

கசப்பு பிடிக்காதவர்களுக்கு ம்யூனிக் பாணி ஹெல்லெஸ் வாங்குங்கள். கறுப்பாக ஒன்று வேண்டும், ஆனால் கனமாக இருக்கக்கூடாது என்றால் டுங்கெல் அல்லது ஷ்வார்ட்ஸ்பியர். ரொட்டி மேலோட்டின் வாசனையும் வறுத்த மால்ட்டின் மெல்லிய கசப்பும் இருக்கும். ஆல்கஹால் 5 சதவீதத்தைச் சுற்றித்தான். நிறத்தை வைத்து வலுவை எடை போடாதீர்கள். கின்னஸ் ட்ராஃப்ட் கறுப்பாக இருந்தாலும் 4.2 சதவீதம்தான். பொன்னிறத்தில் மின்னும் வெஸ்ட்மாலே ட்ரிபெல் 9.5 சதவீதம்.

இதே இடத்தில் ஒரு கோதுமை பீரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஜெர்மன் ஹெஃபெவைட்சனில் வரும் வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் வெளியிலிருந்து சேர்த்தவை கிடையாது, ஈஸ்ட் தானே உண்டாக்குபவை. பீருக்குப் புதியவர்கள் இதைக் குடித்ததும் முகம் மலர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படி 3: ஐபிஏ வாங்கும்போது தேதியைப் பாருங்கள், பெயரைப் பிறகு பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஐபிஏ என்பது இந்தியா பேல் ஏல், ஹாப்ஸ் தூக்கலான ஒரு வகை ஏல் (லாகரைவிட வெதுவெதுப்பில் நொதிக்கும் பீர்). அதன் உயிர் ஹாப்ஸின் வாசனை. ஆரஞ்சுத் தோல், மாம்பழம், பைன் பிசின், புதிதாக வெட்டிய புல் என்று அது எந்த வடிவில் வந்தாலும் காய்ச்சிய நாளிலிருந்து குறைந்துகொண்டே போகும். அடைத்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும். ஆறு வாரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. பழசாகும்போது வாசனை போவதோடு நிற்பதில்லை. ஆக்சிஜன் வேலை செய்து, ஈர அட்டையின் சுவையும் தேங்கிப்போன இனிப்பும் வந்து சேரும். கலங்கலான ஹேஸி ஐபிஏக்கள் இந்த விஷயத்தில் இன்னும் மோசம். பளபளக்கும் மஞ்சள், சாம்பல் கலந்த பழுப்பாகிவிடும். ஊரே புகழும் ப்ரூவரியின் ஐந்து மாத ஐபிஏவைவிட, பெயர் தெரியாத ப்ரூவரியின் மூன்று வார ஐபிஏ பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

தேதி எங்கே இருக்கும்? கேனின் அடியில், பாட்டிலின் கழுத்தில், அல்லது லேபிளின் ஓரத்தில். அது அடைத்த தேதியா, 'இதற்குள் குடிக்கவும்' தேதியா என்று பாருங்கள். இரண்டாவதாக இருந்தால் கவனம் வேண்டும். சில ப்ரூவரிகள் ஐபிஏவுக்கும் ஒரு வருடம் வரை கொடுத்துவிடுகின்றன. தேதியே இல்லாத ஐபிஏவை நான் வாங்குவதில்லை.

ஆண்டிறுதியில் ஹாப்ஸ் பிரியர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. வட அரைக்கோளத்தில் ஹாப்ஸ் அறுவடை ஆகஸ்ட், செப்டம்பரில் நடக்கிறது. பறித்த ஒரு நாளுக்குள், உலர்த்தாமலேயே கொப்பரையில் போட்டுக் காய்ச்சுவது 'வெட் ஹாப்' பீர். அந்த ஆண்டின் முதல் அறுவடையை உலர்த்தியவுடன் பயன்படுத்திக் காய்ச்சுபவையும் உண்டு. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா 1981 முதல் கொண்டுவரும் செலிப்ரேஷன் அப்படிப்பட்டதுதான். பண்டிகைக் கால பீராக இருந்தும் அதில் மசாலா கிடையாது. செந்நிறம், 6.8 சதவீதம், பைன் வாசனை தூக்கலான ஒரு ஐபிஏ அது. பண்டிகை என்றாலே லவங்கப்பட்டை என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

லேபிளில் ஐபியூ என்று ஓர் எண் இருக்கலாம். கசப்புச் சேர்மங்களின் அளவு அது. அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். 60 ஐபியூ உள்ள இனிப்பான ஸ்டவுட், 40 ஐபியூ உள்ள வறண்ட பில்ஸ்னரைவிட நாக்குக்குக் கசப்புக் குறைவாகத் தெரியலாம். கசப்பும் இனிப்பும் ஒன்றையொன்று அடக்கிப்பிடிப்பவை.

படி 4: பெல்ஜியம் பக்கம் ஒரு நடை

பெல்ஜிய பீர்களில் சுவையின் பெரும்பங்கு ஈஸ்ட்டிலிருந்து வருகிறது. உலர் திராட்சை, அத்திப்பழம், மிளகு, தேன் எல்லாம் அதில் தெரியும். டுப்பெல் பழுப்பு நிறம், 7 சதவீதத்தை ஒட்டி. ட்ரிபெல் பொன்னிறம், 8 முதல் 10 வரை. க்வாட்ருபெல், சுருக்கமாக க்வாட், கருமையும் கனமும். சீமே ப்ளூ என்று இன்று எங்கும் தெரியும் 9 சதவீத பீர், 1948இல் கிறிஸ்துமஸ் பீராகத்தான் தொடங்கியது. வரவேற்பு கூடியதால் ஆண்டு முழுக்கக் காய்ச்ச ஆரம்பித்தார்கள். செயின்ட் பெர்னார்டஸ் கிறிஸ்துமஸ் ஏல், 10 சதவீதம், இன்றும் பருவகால பீராகவே வருகிறது. ரோஷ்ஃபோர் 10 என்பது 11.3 சதவீதம், அதைப் பகிர்ந்து, நேரமெடுத்துக் குடிக்க வேண்டும்.

அறுகோண வடிவிலான ட்ராப்பிஸ்ட் முத்திரை இருந்தால் அந்த பீர் மடாலய வளாகத்துக்குள்ளேயே அல்லது அதன் அருகிலேயே, துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்சப்பட்டது என்று பொருள். வருமானம் மடத்தின் தேவைக்கும் அறப்பணிக்கும் போகிறது. 'அபே' என்று மட்டும் போட்டிருந்தால் இந்த உறுதி இல்லை. ஆனால் அவற்றிலும் நல்ல பீர்கள் நிறைய உண்டு.

எனக்கு ஒரே ஒரு பெல்ஜிய பீர்தான் வாங்க முடியும் என்றால் ஓர்வால் வாங்குவேன். 6.2 சதவீதம். அதில் ப்ரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டும் பாட்டிலுக்குள் போகிறது. புதிதாக இருக்கும்போது ஹாப்ஸ் வாசனை மேலோங்கும். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து அதுவே மண்ணும் தோலும் கலந்த வாசனையுடன், இனிப்பே இல்லாத வறண்ட பீராகிவிடும். பழையதும் புதியதுமாக இரண்டு தேதிகளில் ஓர்வால் கிடைத்தால் இரண்டையும் வாங்கி ஒரே மாலையில் அருகருகே ஊற்றிப் பாருங்கள். பீர் உயிருள்ள பொருள் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அப்போது விளங்கும்.

சாப்பாட்டு மேசைக்கு சைசன் என்ற வறண்ட பெல்ஜிய ஏல். சைசன் டுபோன் 6.5 சதவீதம், மிளகுக் காரமும் நிறைய நுரையும் கொண்டது. எந்த உணவோடும் சண்டை போடாது.

படி 5: வலுவானவை, கறுப்பானவை, மசாலா போட்டவை

இப்போதுதான் அந்த முன்வரிசைக்கு வருகிறோம். இங்கே மூன்று பாட்டில் போதும்.

ஒன்று, இம்பீரியல் ஸ்டவுட். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் ப்ரூவரிகள் ரஷ்ய அரசவைக்கு அனுப்பிய வலுவான பீரின் வாரிசு இது. காபி, கறுப்பு சாக்லேட், கருகிய சர்க்கரை வாசனை வரும். பீப்பாயில் ஊறவைத்த வகையில் வெனிலாவும் தேங்காயும் சேரும். இரண்டும் ஓக் மரத்திலிருந்து வருபவை. அமெரிக்க விதிப்படி பர்பன் விஸ்கிக்குப் புதிய, உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாய்தான் வேண்டும். ஒரு முறை பயன்படுத்தியதை மறுபடி பர்பனுக்கு எடுக்க முடியாது. அப்படி ஒதுக்கப்படும் பீப்பாய்கள்தான் பீர் காய்ச்சுபவர்களின் கைக்கு வருகின்றன. கேக், பிஸ்கட், மார்ஷ்மல்லோ சுவையெல்லாம் ஏற்றிய பேஸ்ட்ரி ஸ்டவுட்களும் வரிசையாக நிற்கும். முதல் மிடறு மகிழ்ச்சியாக இருக்கும், கால் கிளாசுக்குமேல் திகட்டும். ஆறு பேருக்கு ஒரு சின்ன பாட்டில் என்றால் மட்டும் வாங்குங்கள்.

இரண்டு, பார்லி வைன் அல்லது டொப்பெல்பாக். பார்லி வைன் பெயரில்தான் வைன். மால்ட்டில் காய்ச்சிய வலுவான ஏல் அது. ஆங்கிலேய பாணி இனிப்பும் பழச்சுவையும் கூடியது, அமெரிக்க பாணியில் ஹாப்ஸ் கசப்பு தூக்கலாக இருக்கும். டொப்பெல்பாக் வலுவான ஜெர்மன் லாகர். பவுலானர் ப்ரூவரியின் சால்வேட்டர் என்ற பீரைப் பின்பற்றிப் பலரும் தங்கள் டொப்பெல்பாக்குக்கு 'ஏட்டர்' என்று முடியும் பெயரையே வைக்கிறார்கள். இந்த வகையின் உச்சம் சாமிக்லவ்ஸ். சுவிட்சர்லாந்தின் ஹூர்லிமான் ப்ரூவரியில் பிறந்து, இப்போது ஆஸ்திரியாவின் ஷ்லோஸ் எக்கன்பெர்கில் தயாராகிறது. ஆண்டுக்கு ஒரே நாள், புனித நிக்கோலஸ் தினமான டிசம்பர் 6 அன்று காய்ச்சி, பல மாதங்கள் பக்குவப்படுத்துகிறார்கள். 14 சதவீதம். சின்னக் கிளாஸ் போதும்.

மூன்று, மசாலா சேர்த்த பண்டிகை பீர். ஒன்றே ஒன்று. லவங்கப்பட்டை, ஜாதிக்காய், இஞ்சி, ஆரஞ்சுத் தோல் என்று எல்லாம் கொட்டிய பீரில் மால்ட்டே காணாமல் போய்விடும். பொருட்களின் பட்டியல் குறுகியதாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ப்ரூவரி 1975 முதல் ஆண்டுதோறும் செய்முறையையும் லேபிளில் உள்ள மரத்தையும் மாற்றி ஒரு கிறிஸ்துமஸ் ஏல் வெளியிட்டது. அமெரிக்காவில் இந்தப் பழக்கம் பரவ அது பெரிய காரணம். 2023இல் அந்த ப்ரூவரி மூடப்பட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

துணிச்சல் இருந்தால் புகை பீர் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் ஷ்லெங்கர்லா, பீச் (beech) மரப் புகையில் மால்ட்டைக் காய வைக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வரும் அவர்களுடைய 8 சதவீத டொப்பெல்பாக்கில் ஓக் மரப் புகை. முதல் மிடறில் பிடிக்காவிட்டாலும் கிளாசைத் தள்ளிவைத்துவிடாதீர்கள், பாதிக் கிளாசுக்குள் நாக்கு பழகிவிடும்.

படி 6: புளிப்பை விட்டுவிடாதீர்கள்

கனமான பீர்களுக்கு நடுவே நாக்கைக் கழுவிவிட ஒரு புளிப்பு பீர் வேண்டும். பெர்லினர் வைஸ் 3 சதவீதத்தை ஒட்டியது, பகலில் குடிக்கலாம். கோஸவில் கொத்தமல்லி விதையும் உப்பும் இருக்கும். விருந்தின் தொடக்கத்தில் கிளாஸ் உயர்த்த கூஸ் மாதிரி வேறில்லை. பிரஸ்ஸல்ஸைச் சுற்றி, காற்றில் வரும் காட்டு ஈஸ்ட்டிலேயே நொதிக்கும் லாம்பிக்கின் ஒரு வருட, இரண்டு வருட, மூன்று வருடச் சரக்குகளைக் கலந்து பாட்டிலில் மறுபடி நொதிக்கவிடுவதுதான் கூஸ். ஷாம்பெயின் பிரியர்களும் இதற்கு மயங்குவார்கள்.

படி 7: பன்னிரண்டு பாட்டில் என்றால்

நான்கு பேர், சில மாலைகள். பில்ஸ்னர் மூன்று, டுங்கெல் இரண்டு, ஹெஃபெவைட்சன் ஒன்று, புத்தம்புது ஐபிஏ இரண்டு, சைசன் ஒன்று, கூஸ் 750 மில்லி ஒன்று, பெல்ஜிய க்வாட் ஒன்று, இம்பீரியல் ஸ்டவுட் ஒன்று. மசாலா பீர் வேண்டுமென்றால் க்வாட்டை எடுத்துவிட்டு அதை வையுங்கள். ஹாப்ஸ் பிரியர்கள் கூடுதலாக இருந்தால் டுங்கெல்லைக் குறைத்து ஐபிஏவைக் கூட்டலாம். பில்ஸ்னரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

படி 8: கடையில் பார்க்க வேண்டியவை

வெளிச்சம் பீரின் எதிரி. ஹாப்ஸின் கசப்புச் சேர்மங்கள் ஒளி பட்டு உடைந்து, கந்தகம் கலந்த ஒரு நாற்றச் சேர்மமாகின்றன. பழுப்பு பாட்டில் இதை ஓரளவு தடுக்கும், பச்சையும் வெள்ளைக் கண்ணாடியும் தடுக்காது, கேன் முழுமையாகத் தடுக்கும். ஜன்னலோரத்தில் அடுக்கியிருப்பதை எடுக்காதீர்கள். ஐபிஏவும் பில்ஸ்னரும் குளிர்பெட்டியில் இருந்து எடுத்தவையாக இருக்கட்டும். கடைக்காரரிடம் "எது நல்லா இருக்கும்?" என்று கேட்பதைவிட "எது இந்த வாரம் வந்தது?" என்று கேளுங்கள், உபயோகமான பதில் கிடைக்கும்.

எப்போது வாங்குவது? வலுவானவற்றையும் பெல்ஜியத்தையும் ஒரு மாதம் முன்பே வாங்கிவிடலாம். பருவகால பீர்கள் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஐபிஏவைக் கடைசி வாரத்துக்கு விட்டுவையுங்கள்.

படி 9: வீட்டில் வைப்பதும் ஊற்றுவதும்

பாட்டில்களைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். அடியில் ஈஸ்ட் படிய அதுதான் வசதி. இருட்டான, வெப்பம் ஏறி இறங்காத இடம் வேண்டும். அவசரத்துக்கு ஃப்ரீசரில் போட்டு மறந்துவிட்டால் பாட்டில் வெடிக்கும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் வைத்தால் இருபது நிமிடத்தில் குளிர்ந்துவிடும்.

பில்ஸ்னருக்கு 4 முதல் 7 டிகிரி. ஐபிஏ, சைசன், கோதுமை பீருக்கு 7 முதல் 10. க்வாட், பார்லி வைன், இம்பீரியல் ஸ்டவுட் எல்லாம் 12 டிகிரியை ஒட்டி. கடும் குளிரில் வாசனை எழாது, கசப்பும் ஆல்கஹாலும் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் ஸ்டவுட்டைக் குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வையுங்கள்.

கிளாஸில் ஊற்றித்தான் குடிக்க வேண்டும். பாட்டிலின் வாய் வழியாக வாசனை மூக்குக்கு வராது. வலுவானவற்றுக்கு வாய் குறுகிய ட்யூலிப் கிளாஸ் நல்லது. அது இல்லையென்றால் வைன் கிளாஸ் தாராளமாகப் போதும். கிளாஸின் உள்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். கழுவிவிட்டு மறுபடி ஊற்றுங்கள். ஹெஃபெவைட்சனில் கடைசிப் பங்கைச் சுழற்றி அடியில் உள்ள ஈஸ்ட்டையும் சேர்த்து ஊற்றுவார்கள். பெல்ஜிய ஏல்களில் அதைப் பாட்டிலிலேயே விட்டுவிடுவது என் வழக்கம்.

வரிசை: லேசானதிலிருந்து வலுவானதுக்கு, இனிப்புக் குறைந்ததிலிருந்து கூடியதுக்கு. ஐபிஏ குடித்த நாக்குக்கு உடனே பில்ஸ்னர் கொடுத்தால் தண்ணீர் மாதிரி இருக்கும். உணவோடு என்றால், பொரித்ததற்கும் கொழுப்புக்கும் கசப்பும் நுரையும் பொருந்தும். காரமான உணவுக்கு ஐபிஏவும் வலுவான பீரும் வேண்டாம், எரிச்சலைக் கூட்டும். ஹெல்லெஸோ கோதுமை பீரோ போதும். இனிப்புப் பண்டத்தோடு குடிக்கும் பீர் அந்த இனிப்புக்கு ஈடுகொடுக்க வேண்டும். இல்லையென்றால் புளித்தது போலத் தெரியும். ஒவ்வொரு பீருக்கு நடுவிலும் ஒரு கிளாஸ் தண்ணீர்.

குடிக்காதவர்களுக்கும் வண்டி ஓட்டப்போகிறவர்களுக்கும் நல்ல ஆல்கஹால் இல்லாத பீர் சிலவற்றைக் கட்டாயம் வாங்குங்கள். கோதுமை பீரிலும் ஸ்டவுட்டிலும் இந்த வகை இப்போது அருமையாக வருகிறது. ஆனால் பெரும்பாலானவற்றில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கும் மதுவை முற்றிலும் விட்டவர்களுக்கும் 0.0 என்று போட்டதைக்கூட அவர்களிடம் கேட்டுவிட்டே கொடுங்கள்.

விடுமுறை முடிந்து மிச்சம் இருந்தால், ஐபிஏ, பில்ஸ்னர், கோதுமை பீரை அடுத்த சில வாரங்களில் குடித்துவிடுங்கள். வெட் ஹாப் பீருக்கு அந்த அவகாசம்கூட இல்லை. பார்லி வைன், இம்பீரியல் ஸ்டவுட், க்வாட், கூஸ் ஆகியவற்றில் மட்டும் கழுத்தில் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டி, குளிர்ந்த இருட்டில் நிமிர்த்தி வைக்கலாம். அடுத்த ஆண்டுச் சரக்கு வரும்போது அதில் ஒன்றை வாங்கி, பழையதையும் புதியதையும் ஒன்றாகத் திறந்து சுவைத்துப் பாருங்கள்.